கடற்கரை மணலுக்கும் செம்மண்ணுக்கும் ஏற்ற ஆர்.சி. டிரக்: கட்டுவதும் மேம்படுத்துவதும்

பொழுதுபோக்குத் தரத்தில் தயாரிக்கப்படும் ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) டிரக்கில் சிறு ஸ்க்ரூ முதல் கியர் வரை ஒவ்வொரு பாகத்தையும் தனியே கழற்றலாம், தனியே வாங்கலாம், வேறொன்றால் மாற்றலாம். பொம்மைக் கடை ரிமோட் காரில் ஒரு கியர் பல் உடைந்தால் வண்டியே குப்பைக்குப் போகும். இதிலோ அந்த ஒரு கியரை மாற்றிவிட்டு மாலையே மீண்டும் ஓட்டலாம். இந்த வசதி இருப்பதால்தான் புதிதாக வருபவர்கள் பலர் முதல் மாதத்திலேயே பெரிய மோட்டாருக்கும் பெரிய பேட்டரிக்கும் பணத்தைச் செலவிடுகிறார்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வண்டியைக் கெடுப்பவை உப்புக்காற்று, மணல், வெயில் ஆகிய மூன்றும்தான். ஆகவே முதலில் இம்மூன்றையும் தாங்கும்படி வண்டியைக் கட்ட வேண்டும். அடுத்து தேயும் பாகங்களை வலுப்படுத்த வேண்டும். வேகத்தைக் கூட்டும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

நம் ஊர் நிலம் மூன்று வகைப்படும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் கடற்கரைகளிலும் கோடையில் வறண்ட தென்பெண்ணை, கெடிலம் படுகைகளிலும் ஆழமான பொடி மணல் இருக்கிறது. ஆரோவில் மேட்டிலும் கேப்பர் மலைப் பக்கத்திலும் சரளைக் கற்கள் கலந்த செம்மண் இருக்கிறது. அதன் நுண்தூசி எந்த இடுக்கிலும் புகும். சவுக்குத் தோப்புகளின் தரையில் உதிர்ந்த ஊசிச் சருகுகள் அச்சில் சுற்றிக்கொள்ளும். இந்த மூன்றிலும் ஓட வேண்டுமானால் பத்தில் ஒரு பங்கு அளவிலான, நான்கு சக்கரங்களும் உந்தும் மின்சார டிரக்கே பொருத்தமானது. எட்டில் ஒரு பங்கு அளவு வண்டிகள் உறுதியானவை என்றாலும் அவற்றின் பேட்டரி, டயர், உதிரிபாகம் அனைத்தும் விலை கூடியவை.

ஓட்டத் தயாராக வரும் வண்டி, நாமே பூட்டும் கிட் என இரு வடிவங்களில் கிடைக்கின்றன. 1976-இல் போர்ஷே 934 மாதிரியுடன் ஆர்.சி. துறைக்கு வந்த ஜப்பானிய நிறுவனமான டமியா இன்றும் பெரும்பாலும் கிட்களையே விற்கிறது. 1979-இல் அது வெளியிட்ட ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும் கரடுமுரடான தரையில் ஓட்டும் பழக்கத்தைப் பரப்பின. அமெரிக்காவின் டிராக்ஸஸ் 2008-இல் கொண்டுவந்த ஸ்லாஷ், தயார்நிலை டிரக்குகளில் பரவலாக அறியப்பட்ட ஒன்று. டெக்னோ நிறுவனத்தின் எஸ்.சி.டி. 410 கிட்டாகவே வருவது. பொறுமை உள்ளவருக்கு என் பரிந்துரை கிட்தான். ஒருமுறை தன் கையால் பூட்டியவர், மணலில் நின்றபடி எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார். தயார்நிலை வண்டி வாங்குபவரும் ஓட்டுவதற்கு முன் கியர்பாக்ஸையும் ஷாக்குகளையும் (அதிர்வுதாங்கிகள்) ஒருமுறை பிரித்துப் பூட்டிப் பார்ப்பது நல்லது. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் முன் சஸ்பென்ஷன் கை, ஸ்பர் கியர் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), அச்சுத்தண்டு ஆகிய மூன்றும் இந்தியாவில் இருப்பில் கிடைக்கின்றனவா என்று பார்த்த பின்பே பணம் கட்டுங்கள்.

பிரான்சிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினர் வழியாகப் பாகங்களை வரவழைப்பது இங்கு வழக்கம். தனியாக எடுத்துவரும் லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டவை பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. 7.4 வோல்ட், 5000 எம்.ஏ.எச். பேட்டரி 37 வாட்-மணிதான் என்பதால் இந்த வரம்புக்குள் வரும். முனைகளில் டேப் ஒட்டி எடுத்துவரச் சொல்லுங்கள்.

கருவிகள்

1.5, 2.0, 2.5 மி.மீ. ஆலன் டிரைவர்கள், 5.5, 7 மி.மீ. நட் டிரைவர்கள், நுனி மெல்லிய இடுக்கி, வளைந்த கத்தரிக்கோல், ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட் லாக்கர் பசை, 60 வாட் சால்டரிங் அயர்ன் ஆகியவை போதும். ஆலன் டிரைவரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான எல்-கீயின் முனை உருண்டு ஸ்க்ரூவின் தலையையும் கெடுத்துவிடும். மின்கம்பி, கனெக்டர் போன்றவற்றுக்குச் சென்னை ரிச்சி தெருவுக்கு ஒருமுறை போய்வந்தால் நெடுநாளைக்குப் போதும்.

கியர்பாக்ஸ்

முதலில், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃப்ரன்ஷியல். அதன் உட்பகுதி சிலிக்கான் எண்ணெயால் நிரப்பப்படுவது. எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அந்த அளவுக்கு இடது, வலது சக்கரங்களின் சுழற்சி வேறுபாடு கட்டுப்படும். கையேடு வேறு சொல்லாவிட்டால் முன்புறம் 7,000, பின்புறம் 5,000, நடு டிஃப்ரன்ஷியல் இருந்தால் 10,000 சென்டிஸ்டோக் (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) என்று தொடங்கலாம். ஆழமான மணலில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கண்டால் அந்தச் சக்கரம் இருக்கும் முன் அல்லது பின் டிஃப்ரன்ஷியலின் எண்ணெயைக் கெட்டியாக்குங்கள். குறுக்குத் தண்டு மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் போதும். விளிம்பு வரை ஊற்றினால் சூடேறும்போது எண்ணெய் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் வழியே கசியும்.

பிறகு பேரிங். டமியா கிட்கள் பலவற்றில் பிளாஸ்டிக் புஷ்கள் வருகின்றன. அவற்றைப் பூட்டவே பூட்டாதீர்கள். இருபுறமும் ரப்பர் மூடியிட்ட பால் பேரிங்குகளை முதல் நாளிலேயே போடுங்கள். உலோக மூடி பேரிங் சற்று இலகுவாகச் சுழலும் என்றாலும் பொடி மணலுக்கு அது வாசலைத் திறந்து வைப்பதாகிவிடும். புதிய பேரிங்கின் ரப்பர் மூடியைப் பிளேடு நுனியால் மெல்ல நெம்பி எடுத்து, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸைச் சிறிது அடைத்து மூடினால் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். கடலூர் முதுநகரில் படகு என்ஜின் உதிரிகள் விற்கும் கடைகளில் இந்த கிரீஸைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்க்ரூ முறுக்குவதில் இரண்டு விதிகள் உண்டு. உலோகத்தில் உலோகம் சேரும் இடத்தில் மட்டும் த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு வேண்டும்; பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகைகள் வெடித்துவிடும். பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே போட்ட ஸ்க்ரூவை மறுபடி பூட்டும்போது, முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்ப வேண்டும்; பழைய மரையில் விழும்போது ஸ்க்ரூ மிக லேசாக இறங்குவது விரலுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து முன்னோக்கி முறுக்கினால் புது மரை வெட்டப்படாது. அதே துளையைப் பல முறை பயன்படுத்தலாம். கடலோரத்தில் கறுப்பு எஃகு ஸ்க்ரூக்கள் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுவது சரியே, ஆனால் அவை சற்று மென்மையானவை. மோட்டார் தாங்கி, சஸ்பென்ஷன் அடிப்பகுதி போன்ற பளு மிகுந்த இடங்களில் கறுப்பு எஃகையே வைத்துக்கொண்டு எண்ணெய் பூசுங்கள்.

ஷாக்குகள்

வண்டி ஓடும் தன்மையை வேறெந்தப் பாகத்தையும் விட ஷாக்குகளே தீர்மானிக்கின்றன. பலர் அவசரப்படுவதும் இங்கேதான். ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவி உருளையில் பொருத்துங்கள். தண்டைச் செருகும்போது அதன் மரைப்பகுதி ஓ-ரிங்கைக் கிழிக்காதபடி மரை மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பிஸ்டனை அடியில் இறக்கி, உருளையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை எண்ணெய் ஊற்றுங்கள். பிஸ்டனை மிக மெதுவாக ஏற்றி இறக்கினால் அதன் துளைகள் வழியே முதலில் பெரிய குமிழிகளும், பிறகு பால்போல வெளுத்த நுண்குமிழிகளும் மேலே வரும். நுண்குமிழிகள் தாமாக மறைய வேண்டும். சுமார் 10 நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். எண்ணெய் கண்ணாடிபோலத் தெளிந்த பிறகு, பிஸ்டனைக் கையேடு சொல்லும் உயரத்தில் நிறுத்தி, ரப்பர் சவ்வை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்துப் படியவைத்து மூடியைத் திருகுங்கள். சரியாகப் பூட்டிய ஷாக்கை அழுத்தினால் சத்தமே இருக்காது. 'சளக்' என்று கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது. மீண்டும் திறக்க வேண்டும்.

எண்ணெயின் எண்ணை எழுதும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே சென்டிஸ்டோக் அளவைப் பார்த்து வாங்குங்கள். 350 அளவில் தொடங்குவது பொதுவாகச் சரியாக இருக்கும். வெப்பம் ஏறினால் எண்ணெய் இளகும் என்பதால் அக்னி நட்சத்திர நாட்களில் அதே வண்டி துள்ளத் தொடங்கும்; அப்போது 425 அளவுக்கு மாறலாம். மார்கழியில் பழைய அளவுக்குத் திரும்பினால் போதும்.

நான்கு ஷாக்குகளையும் பூட்டிய பின் பேட்டரியுடன் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். வண்டி நிலைபெற்றபோது சஸ்பென்ஷன் கைகள் ஏறத்தாழ தரைக்கு இணையாகவோ, வெளிமுனை சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். சக்கரங்களின் மேல்பகுதி உட்புறமாக 1 முதல் 2 பாகை சாய்ந்திருப்பது தொடக்கத்துக்கு ஏற்றது.

மின்னணுப் பாகங்கள்

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதாக இருக்கட்டும். வண்டியோடு தொடர்பு அறுந்தால் வேகத்தைச் சுழியாக்கும் ஃபெயில்சேஃப் வசதியை முதல் நாளே அமைத்துச் சோதித்துவிடுங்கள். சக்கரங்கள் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி வைத்து, சற்றே வேகம் கொடுத்தபடி ரிமோட்டை அணைத்தால் சக்கரங்கள் நிற்க வேண்டும். கடற்கரையில் குழந்தைகள் நடுவே ஓடும் மூன்று கிலோ எடையுள்ள பொருளுக்கு இது கட்டாயம்.

முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவில் உலோகப் பல்சக்கரமும், 15 முதல் 20 கிலோ-செ.மீ. திருப்புவிசையும், தண்ணீர் புகாத உறையும் வேண்டும். சர்வோவை இயக்கி நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே அதன் கையைப் பூட்டுங்கள். ரிமோட்டில் இருபுற எல்லையையும் குறைத்து அமைக்க வேண்டும். முழுத் திருப்பத்தில் சர்வோ முனகினால் எல்லை மிகுதி என்று பொருள், அப்படியே விட்டால் அது கருகும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கும்போது தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 67 தரத்தில், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாருக்கான சென்சார் இல்லாத வகையைப் பாருங்கள். சென்சார் சாக்கெட் இல்லாததால் ஈரம் புகும் வழி ஒன்று குறைகிறது. பேட்டரி கனெக்டராக எக்ஸ்.டி. 60 அல்லது எக்ஸ்.டி. 90 வைத்துக்கொண்டு வீட்டில் உள்ள அனைத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். பற்றவைக்கும்போது கம்பிக்கும் முனைக்கும் தனித்தனியே ஈயம் பூசிய பின்பே இரண்டையும் சேர்க்க வேண்டும். இணைப்பு பளபளப்பாக இருந்தால் நல்லது, மங்கி உருண்டிருந்தால் மறுபடி சூடாக்குங்கள். பேட்டரியின் இரு கம்பிகளையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது. ரிசீவரைப் பெட்டிக்குள் வைத்து, கம்பி நுழையும் துளையில் சிலிக்கான் கிரீஸ் பூசி மூடுங்கள்; ஆன்டெனாவைச் சுருட்டாமல் குழாய் வழியே மேலே எழுப்புங்கள்.

மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனையும் ஸ்பர் கியரையும் சேர்ப்பது இந்தப் பகுதியின் முக்கிய வேலை. இரண்டும் ஒரே பல் அளவில் இருக்க வேண்டும். 48 பிட்ச்சுடன் 32 பிட்ச் சேராது. நோட்டுப் புத்தகத் தாளில் விரல் அகலத் துண்டு ஒன்றைக் கிழித்து இரு கியர்களுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை ஸ்பர் பக்கம் அழுத்திப் பிடித்தபடி ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பிறகு கியரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுத்தால் அதில் வளைந்து வளைந்து மடிப்பு விழுந்திருக்கும். தாள் துளைபட்டிருந்தால் இடைவெளி குறைவு. இப்போது பினியனைப் பிடித்துக்கொண்டு ஸ்பரை அசைத்தால் மயிரிழை அளவு 'டிக்' அசைவு தெரிய வேண்டும். ஸ்பரைக் கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று திருப்பி ஒவ்வோர் இடத்திலும் பாருங்கள், ஏனெனில் எந்தக் கியரும் முழு வட்டமாக இருப்பதில்லை. திடீர் அடியில் வழுக்கி கியரைக் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் அதன் நட்டை முழுதும் இறுக்கி, ஒரு சுற்று தளர்த்தி விடுங்கள்.

டயரும் மேற்கூடும்

டயரைச் சக்கரத்தோடு ஒட்ட, அதன் ஓரத்தை ஆல்கஹாலால் துடைத்த பிறகே சயனோ (உடனே ஒட்டும்) பசை இட வேண்டும். டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த மெழுகுப் பூச்சு இருந்தால் பசை பிடிக்காது. சக்கரத்தில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு, டயரின் ஓட்டுப்பரப்பில் பெல்ட் துளையிடும் கருவியால் இரண்டு துளை போடுங்கள். உள்ளே போன தண்ணீர் சுழற்சியில் வெளியேறும். பாலிகார்பனேட் மேற்கூட்டை உட்புறத்தில் வண்ணம் பூச வேண்டும், டமியாவில் பி.எஸ். வரிசை வண்ணமே இதற்கானது. ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் பூசினால் வண்ணம் வெளிறிப் படியும்.

மேம்படுத்தும் வரிசை

பத்துப் பதினைந்து பேட்டரி ஓட்டிய பிறகே மேம்படுத்தத் தொடங்குங்கள். அதற்குள் எது தேய்கிறது என்று வண்டியே காட்டியிருக்கும். என் கணக்கில் முதல் செலவு சேஸிஸ் மூடி. மெல்லிய நைலான் துணியில் வெல்க்ரோ வைத்துத் தையல்காரரிடம் தைத்து வாங்கினால், செம்மண் தூசியும் சவுக்கு ஊசியும் கியர் பக்கம் போவது பெருமளவு நின்றுவிடும். மோட்டாரின் மேல் மட்டும் காற்று போக வழி விடுங்கள்.

அடுத்து டயர். மணலுக்கு ஆழமான துடுப்பு வடிவமும், சரளைச் செம்மண்ணுக்குச் சிறு முள் வடிவமும் வேண்டும். இரண்டு செட் வைத்திருப்பது புதிய மோட்டாரை விடப் பயன் தரும். அதன் பின் அச்சுத்தண்டுகள்: பிளாஸ்டிக்கில் இருந்து எஃகுக்கு மாறுங்கள். வெளியே தெரியும் மூட்டுகளில் கிரீஸ் பூச வேண்டாம், ஏனெனில் மணல் அதில் ஒட்டி அரமாக மாறி மூட்டையே தின்றுவிடும்.

சஸ்பென்ஷன் கைகளுக்கு அலுமினியம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மோதலில் நைலான் கை வளைந்து மீளும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், வளையாவிட்டால் அடி முழுவதும் கியர்பாக்ஸுக்குப் போகும். நைலான் ஈரத்தை உறிஞ்சும்போது விறைப்பு குறைந்து, உடையாமல் வளையும் தன்மை கூடும் இயல்புடையது. ஆகவே நம் கடலோர ஈரக்காற்று இந்த ஒன்றில் நமக்குத் துணை. ஸ்டீயரிங் பெல் கிராங்க் (சர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோல்), மோட்டார் தாங்கி ஆகியவற்றுக்கு அலுமினியம் ஏற்றது.

இவ்வளவும் ஆன பின் மோட்டார். கணக்கு எளியது. மோட்டாரின் கே.வி. எண்ணை வோல்ட்டால் பெருக்கினால் பளுவில்லா சுழற்சி கிடைக்கும்: 3300 கே.வி. மோட்டார் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு 24,420 சுற்று. ஸ்பர் 54 பல், பினியன் 13 பல், உட்கியர் விகிதம் 2.85 என்றால் மொத்த விகிதம் ஏறத்தாழ 11.84. டயர் விட்டம் 110 மி.மீ. எனில் மணிக்குச் சுமார் 43 கி.மீ. வருகிறது. அதே வண்டியில் 3 செல் (11.1 வோல்ட்) பேட்டரி போட்டால் கணக்குப்படி 64 கி.மீ.; உண்மையில் இரண்டுமே சற்றுக் குறையும். வேகம் கூட்டும்போது ஒருமுறைக்கு ஒரு பல் வீதமே பினியனைப் பெரிதாக்குங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டார் வெப்பத்தை வெப்பமானியால் பார்த்து, 80 பாகை செல்சியஸை நெருங்கினால் முந்தைய பினியனுக்குத் திரும்புங்கள். மணலில் இழுவை மிகுதி என்பதால் செம்மண்ணில் சரியாக இருந்த பினியன் தேவனாம்பட்டினத்தில் மோட்டாரைச் சுட்டுவிடும். கடற்கரைக்குப் போகும் நாளில் இரண்டு பல் குறைத்துக்கொள்வது நலம்.

பேட்டரி

லித்தியம் பாலிமர் செல் முழுதாக ஏறியபோது 4.2 வோல்ட், ஓட்டத்தில் 3.2-க்குக் கீழ் இறங்க விடாமல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் வரம்பு வையுங்கள். 5000 எம்.ஏ.எச். பேட்டரியை 5 ஆம்பியரில், செல்களைச் சமன்செய்யும் முறையில் மட்டுமே சார்ஜ் செய்யுங்கள். ஆள் பக்கத்தில் இருக்கும்போது, கல் தரையில் வைத்துச் செய்ய வேண்டும். அடுத்த வாரம்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, நிழலான இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது. உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஓட்டும் இடமும் ஓட்டிய பின்னும்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கடற்கரையில் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. அவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. டயர் தடத்தின் பள்ளம் கடலை நோக்கிப் போகும் குஞ்சுக்குத் தடையாகலாம். ஆகவே அந்த மாதங்களில் கடற்கரையை விட்டு ஆற்றுப் படுகைக்கும் செம்மண் மேட்டுக்கும் செல்லுங்கள். தோப்பும் மேடும் யாருடைய நிலமோ அவரிடம் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். மற்ற மாதங்களிலும் அலை தொடும் ஈரமணலில் ஓட்டாதீர்கள். கடல்நீரைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட மோட்டார் பேரிங் இல்லை.

வீடு திரும்பியதும் பேட்டரியைக் கழற்றி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மணலைத் தட்டி, சைக்கிள் பம்பால் இடுக்குகளில் காற்றடியுங்கள். பீய்ச்சும் தண்ணீர் பேரிங் மூடியைத் தாண்டி மணலை உள்ளே தள்ளும் என்பதால் அதைத் தவிர்க்கவும். கடற்கரையிலிருந்து வந்த நாளில் மட்டும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, விசிறிக்கு அடியில் உலர்த்தி, ஸ்க்ரூத் தலைகளிலும் அச்சுகளிலும் டபிள்யூ.டி.-40 தெளித்து, அது காய்ந்ததும் பேரிங்குகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நான்கு சக்கரங்களையும் கழற்றி ஒவ்வோர் அச்சையும் விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு தெரியும் பேரிங்கை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.